நாட்பட்ட கணைய அழற்சிக்கான அறுவைச் சிகிச்சை: ஆயத்தமும் தேறுதலும்

நாட்பட்ட கணைய அழற்சி என்பது கணையத்தின் திசு ஆண்டுக்கணக்கில் சிறிது சிறிதாக அழிந்து, நார்த்திசுவாக இறுகும் நோய். கணையம் இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டிக் குறுக்காகப் படுத்திருக்கும் உறுப்பு. நீளம் ஏறத்தாழ 15 செ.மீ. உணவைச் செரிக்கும் நொதிகளையும், இன்சுலின், குளுக்கோகான் என்னும் இயக்குநீர்களையும் அதுவே சுரக்கிறது. நோய் முற்றும்போது கணைய நாளத்தில் சுண்ணாம்புக் கற்கள் படிகின்றன. நாளம் சில இடங்களில் சுருங்கி, சில இடங்களில் வீங்குகிறது. மேல்வயிற்றில் தொடங்கி முதுகைத் துளைக்கும் வலி, எண்ணெய்ப் பசையுடன் மிதக்கும் மலம், உடல் மெலிவு, நீரிழிவு ஆகியவை இந்நோயின் நான்கு முகங்கள். அறுவைச் சிகிச்சை இவற்றில் பெரும்பாலும் வலிக்காகவே செய்யப்படுகிறது. இழந்த சுரப்பை அது மீட்டுத் தராது. நோயாளியும் குடும்பத்தாரும் முதலில் தெளிய வேண்டியது இதைத்தான்.

மேலை நாடுகளில் மதுவும் புகையிலையும் இந்நோயின் முதன்மைக் காரணங்கள். கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் மதுவைத் தொடாத இளைஞர்களுக்கும் பெண்களுக்கும் வரும் ஒரு வகை நெடுங்காலமாக அறியப்பட்டிருக்கிறது. இதற்கு வெப்பமண்டலக் கணைய அழற்சி என்று பெயர். 1959இல் இந்தோனேசியாவிலிருந்து மருத்துவர் சூடேமா இதைப் பதிவு செய்தார். 1960களில் கேரளத்தின் மருத்துவர் பி. ஜே. கீவர்கீஸ் நூற்றுக்கணக்கான நோயாளிகளை ஆராய்ந்து விரிவாக எழுதினார். மரவள்ளிக் கிழங்கு உண்பதே காரணம் என்ற கருத்து அப்போது வலுவாக இருந்தது. பின்னர் அது நிறுவப்படவில்லை. ஸ்பிங்க்1 என்னும் மரபணுவில் உள்ள மாற்றம் இந்திய நோயாளிகள் பலரிடம் காணப்படுவது 2000க்குப் பின் தெரியவந்தது. இவ்வகையில் கற்கள் பெரியவை, நாளம் நன்கு விரிந்திருக்கும், நீரிழிவு இளமையிலேயே வரும். நாளம் விரிந்திருப்பது அறுவைச் சிகிச்சையாளருக்கு ஒரு வசதி. வடிகால் அமைக்க இடம் கிடைக்கிறது.

எப்போது அறுவை

மாத்திரை, அகநோக்கி வழியாகக் கல் நீக்குதல், அதிர்வலையால் கல் உடைத்தல் எல்லாம் முடிந்த பிறகே கத்தி என்பது நெடுங்கால வழக்கம். இந்த வரிசையை நெதர்லாந்தின் இரு ஆய்வுகள் கேள்விக்கு உள்ளாக்கின. 2007இல் வெளியான முதல் ஆய்வில் 39 நோயாளிகள் அகநோக்கி, அறுவை என இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டனர். இரண்டு ஆண்டுகளின் முடிவில் முழுமையாகவோ ஓரளவோ வலி தணிந்தவர்கள் அகநோக்கிப் பிரிவில் 32 விழுக்காடு, அறுவைப் பிரிவில் 75 விழுக்காடு. 2020இல் வெளியான எஸ்கேப் ஆய்வு 88 பேரை 18 மாதம் கவனித்தது. முன்கூட்டியே அறுவை செய்துகொண்டவர்களுக்கு, படிப்படியான சிகிச்சை பெற்றவர்களைவிட வலி குறைவாக இருந்தது.

இதற்கு உடலியல் காரணம் உண்டு. வலி ஆண்டுக்கணக்கில் நீடித்தால் முதுகுத்தண்டிலும் மூளையிலும் உள்ள நரம்புப் பாதைகளே வலியைக் கூட்டிக் காட்டப் பழகிவிடுகின்றன. அதன் பிறகு அடைப்பை நீக்கினாலும் வலி முழுதாக விடுவதில்லை. அபின் வகை வலிநிவாரணிகளை நெடுநாள் எடுத்தவர்களுக்கும் பலன் குறைகிறது. "தாங்கும்வரை தாங்குவோம்" என்று தள்ளிப்போடுவதே இந்நோயில் பெருந்தீங்கு. டிரமடால் என்னும் வலிநிவாரணி ஊசிக்காக மாதந்தோறும் மருத்துவமனை ஏறுபவர், அந்த நிலையிலேயே கணைய அறுவையில் தேர்ந்த ஒருவரிடம் கருத்துக் கேட்பது நல்லது.

வலியைத் தவிர, பித்தநாளம் அழுந்தி மஞ்சள் காமாலை வருதல், முன்சிறுகுடல் அடைபடுதல், நீர் திரண்டு நீங்காத பொய்க்கட்டி, புற்றுநோய் ஐயம் ஆகியவையும் அறுவைக்கான காரணங்கள்.

அறுவை வகைகள்

நாளத்தை நெடுக்காகத் திறந்து, கற்களை எடுத்து, சிறுகுடலின் ஒரு வளையத்தை அதன்மேல் வைத்துத் தைப்பது வடிகால் அறுவை. 1960இல் பார்ட்டிங்டன், ரோசெல் இருவரும் வகுத்த முறை இன்றும் இதன் அடிப்படை. கணையத் தலையில் நோய்த்திசு திரண்டிருந்தால் வடிகால் மட்டும் போதாது. 1987இல் சார்லஸ் ஃபிரே விவரித்த அறுவையில் தலைப்பகுதியின் உட்திசுவும் குடைந்து எடுக்கப்படுகிறது. தென்னிந்தியாவில் கல் நிறைந்த, விரிந்த நாளங்களுக்கு ஃபிரே அறுவை பரவலாகச் செய்யப்படுகிறது. முன்சிறுகுடலைக் காத்துத் தலையை நீக்குவது ஜெர்மனியின் பெகர் வகுத்த முறை. முன்சிறுகுடலையும் சேர்த்து நீக்கும் விப்பிள் அறுவை, புற்றுநோய் ஐயம் உள்ளபோது தேர்ந்தெடுக்கப்படுகிறது. வால்பகுதி மட்டும் கெட்டிருந்தால் அதை நீக்குவர். சில வேளை மண்ணீரலும் உடன் போகும்.

இந்தியாவில் இரைப்பை, குடல் அறுவைச் சிகிச்சையைத் தனித்துறையாக வளர்த்த முன்னோடி, சென்னை மருத்துவக் கல்லூரியின் என். ரங்கபாஷ்யம். இன்று அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் பலவற்றில் இத்துறை உள்ளது. கணைய அறுவையில் கை பழகிய குழு உள்ள இடத்தைத் தேடுவது மிகவும் முக்கியம். அறுவைக்குப் பிந்தைய இரத்தக்கசிவையோ கணையநீர் ஒழுக்கையோ சமாளிக்கத் தீவிர சிகிச்சைப் பிரிவும், இரத்தநாளத்துக்குள் குழாய் செலுத்திக் கசிவை அடைக்கும் வசதியும் அங்கே இருக்க வேண்டும்.

அறுவைக்கு முந்தைய வாரங்கள்

பெரும்பாலோர் நினைப்பதைவிட அதிகமான விஷயங்கள் இந்த வாரங்களில்தான் தீர்மானமாகின்றன. கணைய நோயாளி அறுவை மேசைக்கு வரும்போதே மெலிந்தவர். வலிக்குப் பயந்து சாப்பாட்டைக் குறைத்தவர். உண்ட கொழுப்பும் மலத்தோடு போய்விட்டவர். சதை வற்றிய உடலில் தையல் ஆறுவது மெதுவாகும், கிருமி எளிதில் பற்றும். சிடி ஸ்கேன், பித்த, கணைய நாளங்களைக் காட்டும் எம்ஆர் படம், தேவையானால் அகநோக்கி ஒலிப்படம் ஆகியவற்றோடு உணவு நிலையையும் அதே கவனத்துடன் அளக்க வேண்டும். எடை, ஆல்புமின், வைட்டமின் டி, இரத்தம் உறையும் நேரம், எலும்பின் அடர்த்தி ஆகியவை பார்க்கப்படும். கொழுப்பில் கரையும் வைட்டமின் கே குறைந்தால் இரத்தம் எளிதில் உறையாது; ஊசி மூலம் அதை முன்னதாகவே சரிசெய்வர்.

மலத்தில் எலாஸ்டேஸ் அளவு ஒரு கிராமுக்கு 200 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் நொதிக் குறைபாடு இருப்பதாகக் கொண்டு, நொதி கேப்சூல் தொடங்கப்படும். பொதுவாக முழு வேளைச் சாப்பாட்டுக்கு 40,000 முதல் 50,000 அலகு லைப்பேஸ், சிற்றுண்டிக்கு அதில் பாதி. வெறும் வயிற்றில் விழுங்குவதும், சாப்பிட்டு முடித்துக் கை கழுவிய பிறகு விழுங்குவதும் பயனற்றவை. முதல் கவளத்தோடு ஒன்று, நடுவில் மற்றொன்று என்பதே முறை. கேப்சூலின் உள்ளிருக்கும் குருணைகளை மெல்லக் கூடாது. கொதிக்கும் கஞ்சியில் கொட்டவும் கூடாது. இந்த நொதி பன்றியின் கணையத்திலிருந்து எடுக்கப்படுவது. சமய, உணவுக் கொள்கை சார்ந்த தயக்கம் உள்ளவர்களிடம் மருத்துவர் இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது கண்ணியம். தெரியாமல் கொடுத்து, பிறகு தெரியவந்து, மாத்திரையையே நிறுத்திவிடுபவர்கள் உண்டு.

"கொழுப்பே ஆகாது" என்று குடும்பங்கள் எண்ணெயை அறவே விலக்கிவிடுகின்றன. நொதி சரியாக எடுத்துக்கொண்டால் அளவான கொழுப்பு தேவையான ஒன்றே. சிறு சிறு அளவாக நாளுக்கு ஐந்தாறு வேளை, ஒவ்வொன்றிலும் பருப்பு, முட்டை, மீன், பால் என ஏதேனும் ஒரு புரதம் என்பது இதற்கு உகந்த ஏற்பாடு.

மதுவை முற்றிலும் விட வேண்டும். அன்றாடம் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் நடுக்கமும் பிதற்றலும் வரக்கூடும் என்பதால் மருத்துவரிடம் அளவை மறைக்கக் கூடாது. புகைப்பதை நான்கு வாரமாவது முன்னதாக நிறுத்தினால் நுரையீரல் சிக்கல்கள் குறையும். புகை கணைய நோயையே தூண்டுவதால் பின்னர் அதைத் தொடங்கவும் கூடாது. மூச்சுப் பயிற்சிக்கான மூன்று பந்துக் கருவியைப் பலர் ஊதிக் காட்டுகிறார்கள். அது உள்ளே இழுக்க வேண்டிய கருவி. மூச்சை மெதுவாக இழுத்துச் சில நொடி பிடித்து நிறுத்தும் பழக்கம் அறுவைக்கு முன்பே கைவந்திருந்தால், வயிற்றில் தையலோடு புதிதாகக் கற்க வேண்டியதில்லை.

சர்க்கரை மருந்துகளில் ஓர் எச்சரிக்கை தேவை. டாபாகிளிஃபுளோசின், எம்பாகிளிஃபுளோசின் போன்றவற்றை அறுவைக்கு மூன்று நாளாவது முன்னதாக நிறுத்துவர். இல்லையேல் சர்க்கரை ஏறாமலேயே இரத்தம் அமிலமாகும் ஆபத்து உண்டு. இரத்தத்தை இளக்கும் மருந்துகளைப் பற்றியும் கேட்டறிய வேண்டும். மண்ணீரல் நீக்கப்பட வாய்ப்பிருந்தால் நிமோகாக்கஸ், மெனிங்கோகாக்கஸ், ஹீமோபிலஸ் தடுப்பூசிகள் இரண்டு வாரத்துக்கு முன்பே போடப்படும். முந்தைய இரவிலிருந்து பட்டினி கிடக்கும் பழைய வழக்கம் மாறிவருகிறது. பொதுவாகத் திட உணவு ஆறு மணி நேரத்துக்கு முன்பும், தெளிந்த நீர் இரண்டு மணி நேரத்துக்கு முன்பும் நிறுத்தப்படும். வயிறு மெதுவாகக் காலியாகும் நோயாளிகளுக்கு இந்தக் கணக்கு வேறு.

மருத்துவமனையில்

அறுவை பல மணி நேரம் நீளும். கண்விழிக்கும்போது மூக்கில் ரைல்ஸ் டியூப், சிறுநீர்க் குழாய், வயிற்றின் பக்கவாட்டில் வடிகுழாய்கள், சில இடங்களில் வலிமருந்துக்காக முதுகில் மெல்லிய குழாய் என்று பல இருக்கும். இதை முன்பே அறிந்தவர் மிரளுவதில்லை. அடுத்த நாளே கட்டிலில் உட்காரவைத்து, கைத்தாங்கலாக நடக்கவைப்பர். காலில் இரத்தம் உறையாமலிருக்க ஹெபாரின் ஊசி போடுவர். இருமும்போது தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொள்வது தையலுக்குத் துணை.

மூன்றாம் நாள் முதல் வடிகுழாய் நீரில் அமைலேஸ் நொதியை அளப்பது கணைய ஒழுக்கைக் கண்டறிய. இரத்தத்துக்குரிய இயல்பு வரம்பைப் போல் மூன்று மடங்குக்கு மேல் அது இருந்து, நோயாளியின் நிலையையும் பாதித்தால் அது ஒழுக்கு. நாட்பட்ட அழற்சியில் கணையம் இறுகியிருப்பதால் தையல் நன்றாகப் பிடிக்கும். எனவே இந்நோயாளிகளுக்கு ஒழுக்கு குறைவு. இரத்தக்கசிவுதான் அஞ்ச வேண்டியது. வடிகுழாயில் திடீரெனச் சிவப்பு தெரிந்தாலோ, மலம் கருத்தாலோ, நாடி வேகமெடுத்தாலோ உடனே செவிலியரிடம் சொல்ல வேண்டும். இரைப்பை இயங்கத் தாமதமாகி வாந்தி வருவது இன்னொரு சிக்கல். அது சலிப்பூட்டும், ஆனால் பெரும்பாலும் தானே சரியாகும்.

தண்ணீர், பிறகு கஞ்சித் தண்ணீர், இட்லி, குழைந்த சாதம் என்று உணவு முன்னேறும். பார்க்க வருபவர்கள் ஹார்லிக்ஸும் பழச்சாறும் ஊட்டுவதைத் தடுக்க ஒருவர் காவலிருப்பது நல்லது. சிக்கலில்லாதவர்கள் பெரும்பாலும் ஏழு முதல் பத்து நாட்களில் வீடு திரும்புகின்றனர்.

வீட்டில்

முதல் ஆறு வாரம் குடம் தூக்குவது, சிலிண்டர் நகர்த்துவது, பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைப்பது ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும்; வெட்டிய இடத்தில் குடலிறக்கம் வரக்கூடும். நடை நாள்தோறும் கூட வேண்டும். பலருக்குக் களைப்பு இரண்டு மூன்று மாதம் நீடிக்கும். இதைச் சோம்பல் என்று வீட்டார் கருதிவிடக் கூடாது.

பழைய கணைய வலிக்கும் புதிய தையல் வலிக்கும் வேறுபாடு உண்டு. நோயாளியே அதைப் பிரித்தறிந்து சொல்ல முடியும், சொல்லவும் வேண்டும். அபின் வகை மருந்துகளை ஒரே நாளில் நிறுத்தாமல் அட்டவணைப்படி குறைப்பர். குறைக்கும்போது வரும் வியர்வை, தூக்கமின்மை, வயிற்றுப்போக்கு, உடல்நோவு எல்லாம் நோய் திரும்பியதன் அறிகுறியல்ல. அவற்றைக் கண்டு பயந்து மீண்டும் ஊசிக்குப் போவதே பழக்கத்தை நீட்டிக்கிறது. நெடுநாள் வலி உள்ளத்தையும் சோர்வித்திருக்கும். மனநல மருத்துவரின் துணையை அறுவைக் குழுவே ஏற்பாடு செய்வது சிறப்பு. பல இடங்களில் இது இன்னும் நடப்பதில்லை என்பது வருத்தத்துக்குரியது.

கணைய நோயால் வரும் நீரிழிவு மற்ற நீரிழிவிலிருந்து வேறுபட்டது. இன்சுலினோடு, சர்க்கரையை ஏற்றிக் காக்கும் குளுக்கோகானும் குறைந்துவிடுகிறது. எனவே சர்க்கரை சட்டென்று தாழும். இன்சுலின் போட்டுவிட்டுச் சாப்பாட்டைத் தள்ளிப்போடக் கூடாது. சட்டைப் பையில் குளுக்கோஸோ சர்க்கரையோ எப்போதும் இருக்க வேண்டும். விரதம் இருப்போர் மருத்துவரிடம் கேட்காமல் தொடங்கக் கூடாது. மண்ணீரல் நீக்கப்பட்டவருக்கு வரும் காய்ச்சல் எதுவும் சாதாரணமல்ல. அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

முழுக் கணைய நீக்கமும் தீவுச்செல் மாற்றமும்

நாளம் விரியாதவர்கள், பரம்பரை வகை நோயுள்ளவர்கள், வடிகால் அறுவை பலிக்காதவர்கள் ஆகியோரில் தேர்ந்தெடுத்த சிலருக்கு கணையம் முழுவதும் நீக்கப்படுகிறது. நீக்கிய கணையத்தை ஆய்வகத்தில் கொலாஜனேஸ் நொதியால் கரைத்து, இன்சுலின் சுரக்கும் தீவுச்செல்களைப் பிரித்து, கல்லீரலுக்குச் செல்லும் போர்ட்டல் சிரையில் அதே நோயாளிக்குச் செலுத்துவர். தம் செல்களே என்பதால் உறுப்பு மறுப்புக்கான மருந்து தேவையில்லை. 1977இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் டேவிட் சதர்லேண்ட், ஜான் நஜாரியன் குழுவினர் இதைத் தொடங்கினர். அங்கு 409 நோயாளிகளின் முடிவுகள் 2012இல் வெளியாயின. மூன்று ஆண்டுகளுக்குப் பின் 30 விழுக்காட்டினருக்கு இன்சுலின் தேவைப்படவில்லை. குழந்தைகளிடம் இந்தப் பங்கு பெரியவர்களைவிட அதிகம்.

இதன் தேறுதல் மேலும் கடினம். புதிதாகக் குடியேறிய செல்களுக்கு ஓய்வு தர முதல் சில மாதங்கள் இன்சுலின் கொடுத்துச் சர்க்கரையை மிக நெருக்கமான வரம்பில் வைத்திருப்பர். நொதி கேப்சூல் வாழ்நாள் முழுவதும் வேண்டும். எத்தனை முயன்றும் நீரிழிவு நிலைத்துவிடலாம் என்பதை ஏற்றுக்கொண்ட பிறகே ஒப்புதல் கையெழுத்து இட வேண்டும்.

நெடுங்காலக் கவனம்

ஃபிரே, வடிகால் அறுவைகளில் நோயுற்ற கணையம் உடலிலேயே இருப்பதால் புற்றுநோய் அபாயம் நீங்குவதில்லை. வெப்பமண்டல வகையிலும் பரம்பரை வகையிலும் இந்த அபாயம் பொதுமக்களைவிட மிக அதிகம். நன்றாக இருந்தவருக்குப் புதிதாக வலி வந்தாலோ, காரணமின்றி எடை குறைந்தாலோ, கட்டுக்குள் இருந்த சர்க்கரை திடீரெனத் தாறுமாறானாலோ, மஞ்சள் காமாலை தோன்றினாலோ உடனே ஸ்கேன் எடுக்க வேண்டும். அறிகுறி எதுவும் இல்லாதவர்களும் ஆண்டுக்கு ஒருமுறையாவது எச்பிஏ1சி, எடை, வைட்டமின் அளவுகளையும், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை எலும்பின் அடர்த்தியையும் பார்த்துக்கொள்ள வேண்டும். அறுவைக் குறிப்பின் நகலை நோயாளி கையில் வைத்திருப்பது அவசியம். குடல் எப்படி இணைக்கப்பட்டது என்று தெரியாமல் பின்னாளில் அகநோக்கி செய்பவர் வழி தவறுவார்.