இறுதிநொடி ஏலக்கேள்வி

முடிவு நேரம் முன்கூட்டியே குறிக்கப்பட்ட ஏலத்தில், மற்றவர் பதில் விலை கேட்க அவகாசமில்லாதபடி கடைசிச் சில நொடிகளில் விலை கேட்பது இறுதிநொடி ஏலக்கேள்வி எனப்படும். இணைய ஏலங்களில் இதைப் பெரும்பாலும் மென்பொருளே செய்கிறது. வாங்க விரும்புபவர் தம்மால் தரக்கூடிய உச்ச விலையை அதில் பதிந்து வைத்தால், ஏலம் முடியச் சில நொடிகள் இருக்கையில் அது தானாகவே கேள்வியை அனுப்பிவிடும். ஸ்னைப்பிங் என்ற பெயரில் இவ்வழக்கம் 1990களின் இறுதியில் ஈபே தளத்தில் பரவியது.

கணினியோடு பிறந்த தந்திரம் என்று இதைக் கருதுவது தவறு. 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஓர் அங்குல மெழுகுவர்த்தியை ஏற்றிவைத்து ஏலம் நடத்துவார்கள். சுடர் அணையும் கணத்தில் கடைசியாகக் கேட்டவருக்கே பொருள். கடற்படை அலுவலராயிருந்த சாமுவேல் பீப்ஸ் 1662இல் அப்படியொரு கப்பல் ஏலத்தைத் தம் நாட்குறிப்பில் பதிந்திருக்கிறார். மற்றவர்களைவிடச் சரியாகக் காலம் பார்த்துக் கேட்ட ஒருவரிடம் அவர் காரணம் விசாரித்தார். சுடர் அணையப்போகும் தறுவாயில் புகை கீழ்நோக்கி இறங்கும், அதைப் பார்த்துத்தான் கேட்டேன் என்றாராம் அவர். இன்றைய மென்பொருள் செய்யும் வேலையும் இதுதான்.

கொழும்பின் பெரிய தேயிலை ஏலமோ இத்தகைய கடைசிநொடிக் கேள்விக்கு இடம் தராத முறையில் வளர்ந்தது. கோப்பித் தோட்டங்கள் நோயால் அழிந்து தேயிலை தலையெடுத்த காலத்தில், 1883 யூலை 30ஆம் திகதி, சோமர்வில் கொம்பனியின் அலுவலகத்தில் முதலாவது தேயிலை ஏலம் நடந்தது. 1894இல் கொழும்பு தேயிலை வர்த்தகர் சங்கம் உருவாயிற்று. பிற்காலத்தில் நவம் மாவத்தையிலுள்ள இலங்கை வர்த்தக சம்மேளனக் கட்டடம் ஏலக்களமாயிற்று. தரகர்கள் பட்டியலையும் மாதிரிகளையும் முன்கூட்டியே அனுப்புவார்கள். கொள்வனவாளர்கள் சுவைத்துப் பார்த்து, விலையை மனத்தில் வைத்துக்கொண்டு வருவார்கள். 2020 வரை மண்டபத்தில் விலை குரலால் ஏறியது. கேட்பார் எவருமில்லை என்று உறுதியான பிறகே சுத்தியல் விழுந்தது. கடைசி நொடி எது என்று யாருக்கும் தெரியாதபோது அதற்காகப் பதுங்கியிருப்பதில் பயனில்லை. கூவல் ஏலத்தின் பெரிய நன்மை இதுவே. ஈட்டு நகைகளுக்கு வங்கிகள் நடத்தும் ஏலங்களிலும் ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம் என்று கூறி முடிப்பதன் பொருள் இதுதான்.

கொழும்பின் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தமிழ்க் குடும்பங்கள் நன்கறிந்த ஏலச்சீட்டு இன்னொரு வகை. இலங்கையில் சீட்டுகளுக்கென்றே 1935ஆம் ஆண்டின் 61ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் உண்டு. துண்டில் எழுதிக் கொடுக்கும் சீட்டில், ஒருவர் எவ்வளவு கழிவுக்குக் கேட்கிறார் என்பது மற்றவருக்குத் தெரியாது. எல்லாத் துண்டுகளும் ஒரே வேளையில் பிரிக்கப்படும். இணைய ஏலத்தில் எல்லோரும் கடைசி நொடிக்காகக் காத்திருந்தால் அந்த ஏலமும் ஏறத்தாழ இந்த மூடிய துண்டு முறையாகவே மாறிவிடுகிறது.

ஈபேயை 1995 செப்டெம்பரில் பியர் ஒமிடியார் தொடங்கினார். அங்கே ஒருவர் தம் உச்ச விலையைப் பதிந்தால், தளம் அதை வெளியிடாமல், அடுத்தவரை மிஞ்சத் தேவையான அளவுக்கு மட்டும் விலையை ஏற்றும். வென்றவர் செலுத்துவது இரண்டாவது உச்ச விலையைச் சற்றே தாண்டிய தொகைதான். பொருளியலாளர் வில்லியம் விக்ரி 1961இல் எழுதிய ஏலக் கோட்பாட்டின்படி இத்தகைய முறையில் முதலிலேயே உண்மையான உச்ச விலையைப் பதிந்துவிட்டு ஓய்ந்திருக்கலாம். ஆனால் மனிதர்கள் அப்படி நடப்பதில்லை. தம்மை யாரோ மிஞ்சிவிட்டார் என்று கண்டதும் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டே போகிறார்கள். அந்தப் போட்டியைக் கிளறாமலிருக்கவே அனுபவசாலிகள் கடைசிவரை மௌனம் காத்தார்கள். 1999இல் ஈஸ்னைப் என்ற சேவை இந்தக் காத்திருப்பைத் தன் கணினிகளிடம் ஒப்படைத்தது. அடுத்த ஆண்டு அச்சேவையே ஈபேயில் ஏலத்துக்கு வந்து கைமாறியது. பின்னர் ஆக்‌ஷன் ஸ்னைப்பர், கிக்ஸன் போன்றவை வந்தன.

பொருளியலாளர்கள் அல்வின் ரோத், அக்சல் ஓக்கன்ஃபெல்ஸ் இருவரும் 2002இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையின் அடிப்படை ஆய்வுகளில் ஒன்று. ஈபேயில் முடிவு நேரம் மாறாதது. அக்காலத்து அமேசன் ஏலத்திலோ கடைசிப் பத்து நிமிடங்களில் யாராவது கேட்டால் முடிவு நேரம் நீண்டுவிடும். இதனால் அமேசனில் பிந்திய கேள்விகள் மிகக் குறைவாகவே இருந்தன. கணினிகளுக்கான ஏலங்களைவிடப் பழம்பொருள் ஏலங்களில் இவ்வழக்கம் மிகுதி என்பதையும் அவர்கள் கண்டார்கள். காரணம் தெளிவு: பழம்பொருளின் மதிப்பை அறிந்தவர் முன்கூட்டியே கேட்டால், அந்தக் கேள்வியே மற்றவர்களுக்குத் துப்பாகிவிடும். யாழ்ப்பாண ஆரியச்சக்கரவர்த்திகளின் சேது நாணயங்களையும் 1857 முதலான பழைய இலங்கை முத்திரைகளையும் ஈபேயில் தேடுபவர்கள் அமைதி காப்பதற்கும் இதுவே காரணம்.

கொழும்பிலிருந்து வாங்குபவருக்கு ஸ்னைப்பிங் மென்பொருளால் கிடைக்கும் முதல் நன்மை தூக்கம். பிரித்தானிய விற்பனையாளர் ஒருவரின் ஏலம் கோடைகால ஞாயிறு இரவு 8 மணிக்கு முடியுமானால், கொட்டாஞ்சேனையில் அப்போது திங்கள் அதிகாலை 12.30. அதே கோடையில் கலிபோர்னியாவில் மாலை 7 மணி என்பது வெள்ளவத்தையில் மறுநாள் காலை 7.30, வேலைக்குப் புறப்படும் நேரம். 2022 மார்ச் இறுதியில் இலங்கையில் நாளொன்றுக்கு 13 மணி நேரம்வரை மின்வெட்டு இருந்தபோது, சொந்தக் கணினியில் இயங்கும் மென்பொருளால் பயனிருக்கவில்லை. வெளிநாட்டுச் சேவையகத்தில் இயங்குபவை தம் வேலையைச் செய்தன. உள்ளூரில் புகழ்பெற்ற இக்மன் ஒரு விளம்பரத் தளம். அங்கே ஏலமில்லை, பேரம் பேசித்தான் வாங்க வேண்டும் என்பதால் இக்கருவிக்கு வேலையில்லை.

முடிவு நேரம் பற்றிய கேள்வி கொழும்புத் தேயிலை ஏலத்தையும் எட்டியது. 2020 மார்ச் 20ஆம் திகதி கொவிட் ஊரடங்கு வந்ததும் தேயிலை ஏல மண்டபம் மூடப்பட்டது. ஏப்ரல் தொடக்கத்திலேயே கொழும்பு ஏலம் இணையத்துக்கு மாறியது. அக்காலத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 30 கோடி கிலோ தேயிலை விளைந்த நாடு அவ்வளவு விரைவில் மாறியது பெரிய சாதனை. குரலும் சுத்தியலும் திரைக்குப் போகும்போது, ஏலம் எப்போது முடியும் என்ற விதியை யாராவது எழுதியாக வேண்டும். சிறு தோட்டக்காரர் கொழுந்துக்குப் பெறும் விலை ஏல விலையோடு பிணைந்திருப்பதால், அது வெறும் தொழில்நுட்பப் பிரச்சினையல்ல.

ஸ்னைப்பிங் கருவியை மோசடி என்பது நியாயமல்ல. அது விதிக்குள் நின்றே வெல்கிறது. விதி பிடிக்காதவர்கள் முடிவு நேரத்தை நீட்டும் முறையைக் கேட்க வேண்டும். கருவியை நாடும் வாசகர் இரண்டைக் கவனிக்கட்டும். கடைசி நொடியில் அனுப்பப்படும் கேள்வி இணையத் தாமதத்தால் போய்ச் சேராமலும் போகலாம். இத்தகைய சேவைகள் பல உங்கள் ஏலக் கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்கும். மின்னஞ்சலுக்கோ வங்கிக்கோ பயன்படுத்தும் கடவுச்சொல்லை அங்கே ஒருபோதும் தராதீர்கள்.