மனுவும் மன்றமும்

வீட்டெதிரே கால்வாய் அடைத்துக்கொண்டாலும், பள்ளிப் பேருந்து நின்று பிள்ளைகளை ஏற்றிச்செல்ல இடமின்றிப் போனாலும், ஊராட்சி மன்றத்துக்கு மனு எழுதுவது மலேசிய இந்தியர் குடியிருப்புகளில் வழிவழி வந்த வழக்கமாகும். அம்மனுவைப் பெற்றுக்கொள்பவர் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவராயிருந்த காலம் ஒன்றுண்டு. ஜார்ஜ் டவுனில் 1951 டிசம்பரிலும் கோலாலம்பூரில் 1952 பிப்ரவரியிலும் நகராண்மைத் தேர்தல்கள் நடந்தேறின. கோலாலம்பூரில் அம்முறை 1961இல் முடிவுற்றது. இந்தோனேசியாவுடனான மோதலைக் காரணங்காட்டி 1965இல் ஏனைய ஊர்களிலும் தேர்தல்கள் நிறுத்திவைக்கப்பட்டன.

அவ்வாண்டிலேயே ஊராட்சி மன்றங்களின் நடைமுறையை ஆராய அமைக்கப்பெற்ற அரச விசாரணை ஆணையத்துக்குத் தலைமையேற்றவர் ஒரு தமிழர். மேலவை உறுப்பினர் ஆதி நாகப்பன் அவர்கள். ஜான்சி ராணிப் படையில் பணியாற்றிய ஜானகி அம்மையாரின் கணவர் என்று அவரை அறிந்தோர் பலர். அவர்தம் அறிக்கையை அறிந்தோர் சிலரே என்பது வருந்தத்தக்கது. 1968இல் நிறைவுற்று 1971இல் வெளியிடப்பட்ட அவ்வறிக்கை, ஊராட்சி மன்றங்களுக்குத் தேர்தல் வேண்டுமென்றே பரிந்துரைத்தது. அரசாங்கம் அதனை ஏற்கவில்லை. 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தின்படி மன்ற உறுப்பினர்களை மாநில அரசாங்கமே நியமிக்கலாயிற்று.

அதே ஆண்டில் இயற்றப்பட்ட நகர, கிராமத் திட்டமிடல் சட்டம் பொதுமக்களுக்குச் சில வாயில்களைத் திறந்துவைத்தது. வட்டாரத் திட்டத்தின் வரைவு பார்வைக்கு வைக்கப்படும்போது எவரும் ஆட்சேபம் தெரிவிக்கலாம். வட்டாரத் திட்டம் இல்லாத இடத்தில் கட்டட விண்ணப்பம் வந்தால், அண்டை நிலத்தாருக்கு அறிவிப்பு அனுப்பவேண்டும். 21 நாளில் அவர்கள் மறுப்பு எழுதலாம். இடையிலுள்ள சாலை 20 மீட்டருக்கு மேற்படாதிருந்தால்தான் எதிர்ப்புறத்து நிலமும் அண்டை நிலமாகும். இங்கே கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. அவ்வறிவிப்பு பதிவு பெற்ற நில உடைமையாளருக்கே உரியது. பட்டா இல்லாத தோட்டத்து லயமும், தோட்ட நிலத்தில் எழுந்த ஆலயமும் அக்கணக்கில் வாரா.

கோலாலம்பூருக்கோ தனித் திட்டமிடல் சட்டம் உண்டு. அங்கே புக்கிட் கியாரா ரப்பர் தோட்டப் பாட்டாளிகள் 1982இல் நீள வீடுகளில் குடியமர்த்தப்பட்டனர். நிரந்தர வீடு வருமென்பது அன்றைய வாக்குறுதி. ஆண்டுகள் பல கடந்தன. 2017இல் அவர்களை அடுத்திருந்த ரிம்பா கியாரா பூங்காவின் 25 ஏக்கரில் 12 ஏக்கரில் உயர்மாடிகள் எழுப்ப அனுமதி வழங்கப்பட்டது. எட்டுக் கோபுரங்கள் விற்பனைக்கு. ஒரு கட்டடத்தில் 350 வீடுகள், அவற்றில் நீள வீட்டுக் குடும்பங்களுக்கும் இடம். பூங்காவைக் காக்க அண்டைக் குடியிருப்பாளர் வழக்குத் தொடுத்தனர். நீள வீட்டார் சங்கமோ திட்டத்தின் பக்கம் நின்றது. வீட்டுக்காகக் காத்துச் சலித்தோரைக் குறைகூற எவருக்கும் மனம் வராது.

2018இல் உயர்நீதிமன்றத்தில் தோற்ற குடியிருப்பாளர், 2021 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் வென்றனர். 2023 ஏப்ரல் 18ஆம் நாள் கூட்டரசு நீதிமன்றமும் அனுமதி செல்லாதென்றே தீர்த்தது. பாதிக்கப்படுவோரின் கருத்தைச் செவிமடுத்தலும், முடிவுக்குக் காரணங்கூறலும் அதிகாரிகளின் கடமையென அத்தீர்ப்பு உரைத்தது. பூங்கா தப்பியது. தீர்ப்பு வந்த அந்நாளிலும் தோட்டத்துக் குடும்பங்கள், நாற்பத்தோராம் ஆண்டாக, அதே நீள வீடுகளிலேயே வாழ்ந்துகொண்டிருந்தன.