குதிரையை வாங்கினோம், காளையை வளர்த்தோம்



கால்நடை என்று சொன்னால் மாடு, எருமை, ஆடு, கோழி, இந்த நாலைப் பற்றித்தான் நாம் வழக்கமாகப் பேசுவது. இன்றைக்குக் கொஞ்சம் மாற்றி, குதிரையைப் பற்றிப் பேசலாம் என்றிருக்கிறேன். "குதிரைக்கும் நமக்கும் என்னங்க சம்பந்தம்?" என்று கேட்காதீர்கள். சம்பந்தம் இருக்கிறது.

ஆத்தூரிலிருந்து எந்தத் திசையில் புறப்பட்டாலும், ஊர் எல்லையில் அய்யனாரோ முனியப்பனோ இருப்பார். அவர் பக்கத்தில் மண்குதிரை நிற்கும். சில ஊரில் ஆள் உயரம், சில ஊரில் பனை உயரத்தில் பாதி. வேண்டுதல் வைத்து, வேளாரிடம் சொல்லி, சுட்டு, வர்ணம் அடித்து நிறுத்துகிறோம். சரி, உயிருள்ள குதிரை நம்ம ஊர்ப்பக்கம் எங்கே குட்டி போட்டது? மயிலைக் காளை, செவலைப் பசு என்று வீட்டுக்கு வீடு வம்சம் சொல்கிற நாம், "இது எங்க பாட்டன் காலத்துக் குதிரை வம்சம்" என்று சொல்லக் கேட்டிருக்கிறோமா? இல்லை. ஏன் இல்லை என்பதுதான் இன்றைய பேச்சு.

நம் நாட்டுக்குக் குதிரை எப்போதும் வெளியிலிருந்துதான் வந்தது. காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் கடல் வழியாக வந்து இறங்கிய குதிரைகளைப் பட்டினப்பாலை சொல்கிறது. சோழர் காலத்துக் கல்வெட்டுகளில் மலைநாட்டுக் குதிரைச் செட்டிகள் வருகிறார்கள். மாணிக்கவாசகர் கதை உங்களுக்கே தெரியும். பாண்டியனுக்குக் குதிரை வாங்கப் பெருந்தொகையோடு திருப்பெருந்துறைக்குப் போனார், பணம் கோயில் திருப்பணிக்குப் போயிற்று, நரி பரியாயிற்று, பிறகு பரியே நரியாயிற்று. பக்திக் கதைதான். ஆனால் அதற்குள் ஒரு உலக விஷயம் இருக்கிறது பாருங்கள். மந்திரியே பணப்பையைத் தூக்கிக்கொண்டு கடற்கரைப் பக்கம் குதிரை வாங்கப் போக வேண்டியிருந்தது. மதுரைச் சீமையில் குதிரை விளைந்திருந்தால் அவர் ஏன் அவ்வளவு தூரம் போகிறார்?

1290களில் பாண்டிய நாட்டுக்கு வந்துபோன வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ இதை விவரமாக எழுதி வைத்திருக்கிறார். பாண்டிய ராஜாக்கள் ஐந்து சகோதரர்கள். ஆளுக்கு வருஷம் இரண்டாயிரம் குதிரைக்கு மேல் வாங்குவார்களாம். ஓர்மஸ், ஏடன் முதலான அரபு, பாரசீகத் துறைமுகங்களிலிருந்து கப்பலில் வரும். வருஷக் கடைசியில் பார்த்தால் நூறுகூட உயிரோடு மிஞ்சாதாம்! பராமரிக்கத் தெரிந்த ஆள் இல்லை, லாடம் அடிக்கிறவன் இல்லை. லாடக்காரனும் வைத்தியனும் இங்கே வந்து தொழிலைச் சொல்லிக் கொடுத்துவிட்டால் வியாபாரம் படுத்துவிடும் என்று வியாபாரிகளே அவர்களைக் கப்பலேற விடவில்லை என்கிறார். பலே வியாபாரிகள்!

அதே காலத்தை ஒட்டி எழுதிய பாரசீக ஆசிரியர் வஸ்ஸாஃப், வருஷம் பத்தாயிரம் குதிரை இறங்கியது, தலைக்கு 220 பொன் தினார் என்று கணக்குச் சொல்கிறார். ஐந்து பேர், ஆளுக்கு இரண்டாயிரம், கூட்டிப் பாருங்கள். இரண்டு பேர் கணக்கும் ஒத்துப் போகிறது. மொத்தம் 22 லட்சம் தினார். வழியில் கப்பலில் செத்த குதிரைக்கும் பணம் கொடுத்தாக வேண்டும் என்று ஒப்பந்தம். பிற்காலத்தில் விஜயநகரத்திலும் இதே கதைதான். செத்த குதிரையின் வாலைக் கொண்டுவந்து காட்டினால் போதும், பணம் உண்டு என்று போர்ச்சுக்கீசியரான நூனிஸ் எழுதுகிறார்.

அந்த 22 லட்சம் எங்கிருந்து வந்தது? கோயில் சொத்துகளின் வருமானம்தான் பெரும்பங்கு என்று வஸ்ஸாஃபே சொல்லிவிடுகிறார். கோயில் வருமானம் என்றால் என்ன? நஞ்சையில் உழவன் அளந்து கொடுத்த நெல். அவன் வியர்வை கப்பலேறி அரபு நாட்டுக்குப் போயிற்று. திரும்பி வந்தது ஒரு வருஷம்கூட உயிரோடு நிற்காத குதிரை.

இந்த மண்ணுக்கும் வெயிலுக்கும் குதிரை ஒத்துவராது என்பார்கள் சிலர். மார்க்கோ போலோவுக்கும் அதே எண்ணம்தான். நல்ல பெட்டையை நல்ல ஆண் குதிரையோடு சேர்த்தாலும் இங்கே கால் கோணிய சிறு குட்டிதான் பிறக்கிறது, ஏறுவதற்கு ஆகாது என்கிறார். நான் இதை முழுசாக ஏற்கமாட்டேன். ராஜஸ்தானத்தில் ஜோத்பூர் சீமையைப் பாருங்கள். அங்கே பெய்கிற மழை நம் சேலம் ஜில்லா மழையில் பாதிகூடக் கிடையாது. வெயில் நம்மைவிட அதிகம். காது நுனி இரண்டும் உள்பக்கம் வளைந்து ஒன்றையொன்று தொடும் மார்வாரிக் குதிரை அங்கேதான் உண்டாயிற்று. அதற்குத் தெற்கே குஜராத்தின் கத்தியவாரும் வறண்ட பூமிதான். கத்தியவாரிக் குதிரை அந்த மண்ணில் பிறந்தது.

அங்கே என்ன செய்தார்கள்? குதிரையை லாயத்தில் வைக்கவில்லை, வீட்டில் வைத்தார்கள். சிற்றரசர் அரண்மனையில் தொடங்கி, கொஞ்சம் நிலம் வைத்திருக்கும் காத்திக் குடும்பம் வரைக்கும், வீட்டுப் பெட்டை என்று ஒன்று இருக்கும். வம்சத்தைத் தாய் வழியில்தான் சொல்வார்கள். இன்ன பெட்டையின் மகள், அவள் பேத்தி என்று பரம்பரை போகும். நம் வீட்டில் பசுவுக்குச் சொல்கிற மாதிரியே.

பெட்டைக் குதிரையின் வருஷத்தைச் சொல்கிறேன், கேளுங்கள். பகல் நீள ஆரம்பித்தால் பெட்டைக்குப் பருவம் வரும். நம் கணக்கில் மாசி, பங்குனி. 21 நாளைக்கு ஒரு முறை வரும், ஐந்தாறு நாள் நிற்கும். மாட்டுக்கு ஒரு நாள்கூட நிற்காது. அதில் குதிரைக்காரனுக்குக் கொஞ்சம் சவுகரியம். ஆனால் சினை பதினோரு மாதம். மாட்டைவிட ஒன்றரை மாதத்துக்கு மேலேயே கூட. ஈற்றுக்கு ஒரே குட்டி. பங்குனியில் சேர்த்தால் அடுத்த மாசியில் குட்டி. அனேகமாக ராத்திரியில்தான் ஈனும், ஆள் நடமாட்டம் ஓய்ந்த பிறகு. ஆகவே மாதம் நெருங்கினால் வீட்டில் ஒருவர் மாற்றி ஒருவர் கண் விழிக்க வேண்டும். குட்டி ஒரு மணி நேரத்தில் எழுந்து நிற்க வேண்டும், இரண்டு மணி நேரத்தில் சீம்பால் குடிக்க வேண்டும், மூன்று மணி நேரத்துக்குள் நஞ்சுக்கொடி விழுந்தாக வேண்டும். விழாவிட்டால் தாய்க்கு ஆபத்து. சம்பளத்து ஆள் தூங்கிவிடுவான். சொந்தக்காரன் தூங்கமாட்டான்.

அப்புறம் கோடை. பாலூட்டுகிற தாய்க்குப் புல் வேண்டும், பூமியிலோ பச்சை இருக்காது. அங்கேதான் கத்தியவார்க்காரன் கெட்டிக்காரத்தனம். மழைக்காலத்தில் புல்வெளியை அடைத்துப் போட்டுவிடுவான். மாடு, ஆடு ஒன்றும் உள்ளே போகக் கூடாது. மழை ஓய்ந்து ஐப்பசி வாக்கில் புல் கதிர்விட்டு முற்றுகிறபோது அறுத்துக் காயவைத்துப் போராகப் போட்டுக்கொள்வான். அந்தப் போர்தான் கோடையில் குதிரைக்குப் பாலாக மாறுகிறது. ஐந்தாறு மாதத்தில் குட்டியைப் பால் மறக்கடிப்பார்கள். அதற்குள் புது மழையும் புதுப் புல்லும் வந்துவிடும். மழைக்காலத்தில் ஈத்தொல்லை. மாட்டு ஈ கடித்துப் பரவுகிற சர்ரா என்ற காய்ச்சல் குதிரையைக் கொன்றே போடும். (இதற்குக் காரணமான கிருமியை 1880இல் கிரிஃபித் எவான்ஸ் என்ற கால்நடை வைத்தியர் பஞ்சாப் பக்கத்துக் குதிரை ரத்தத்தில்தான் கண்டுபிடித்தார்.) சாயங்காலம் புகை போட வேண்டும், சாணிக் குழியைத் தள்ளி வைக்க வேண்டும். ஆறேழு வாரத்துக்கு ஒரு தடவை குளம்பு சீவ வேண்டும். குட்டி மூன்று வயசு ஆகும்வரைக்கும் முதுகில் பாரம் ஏற்றக் கூடாது. ஆக, இன்று பெட்டையைச் சேர்த்தால் நான்கு வருஷம் கழித்துத்தான் ஏறுகிற குதிரை. நான்கு வருஷம் பொறுக்கக் குடும்பத்தால் முடியும். அடுத்த மாதம் படையெடுப்பு வைத்திருக்கிற ராஜாவால் முடியுமா?

இப்போது பாண்டியன் லாயத்துக்கு வாருங்கள். வந்த குதிரைக்கு வேகவைத்த சோறும் கறியும் போட்டார்கள் என்கிறார் மார்க்கோ போலோ. வறுத்த தானியம், வெண்ணெய், காய்ச்சிய பசும்பால் என்கிறார் வஸ்ஸாஃப். நாற்பது நாள் முளையில் கட்டிப்போட்டுக் கொழுக்கவைத்து, பிறகு பழக்காமலே ஏறி ஓட்டுவார்களாம். அன்பு இல்லாமல் இல்லை. விருந்தாளிக்குப் போடுகிற மாதிரி போட்டிருக்கிறார்கள். ஆனால் குதிரை அசை போடுகிற பிராணி அல்ல. நமக்கு இருக்கிற மாதிரி ஒரே இரைப்பை. தின்றது சேராவிட்டால் வாந்தி எடுக்கவும் அதற்கு வராது. கொஞ்சம் கொஞ்சமாக நாள் முழுக்கப் புல் மேய வேண்டும். சோறும் தவிடும் தானியமுமே தின்றால் எலும்புக்குச் சுண்ணாம்புச் சத்து கிடைக்காது. கால் கோணிய குட்டி பிறந்ததற்குக் காரணம் நம் வெயில் அல்ல, தீவனத் தொட்டிதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

கும்பினியார் வேறு வழி பார்த்தார்கள். 1792இல் சேலமும் பாராமகாலும் திப்புவிடமிருந்து அவர்கள் கைக்கு வந்தன. திப்பு ஏற்கனவே மைசூர்ச் சீமையில் குணிகல்லில் குதிரைப் பண்ணை வைத்திருந்தவர். அதன் பிறகு, 1824இல், நம் பழைய சேலம் ஜில்லாவிலேயே ஓசூர் மத்திகிரியில் படைக் குதிரைக்கென்று பண்ணை ஏற்படுத்தினார்கள். ஓசூர் கடல் மட்டத்துக்குச் சுமார் 3,000 அடி உயரம், குளிர்ச்சியான இடம், புல்லுக்குப் பஞ்சமில்லை. இடம் நல்ல தேர்வுதான். ஆனால் அதுவும் சர்க்கார் பண்ணை. பிற்காலத்தில் அது மாட்டுப் பண்ணையாக மாறிற்று. சுற்றுவட்டாரத்துக் குடியானவன் வீட்டில் ஒரு பெட்டைகூடத் தங்கவில்லை.

ராஜாவாலும் கும்பினியாராலும் குதிரையில் முடியாததை நம் ஆட்கள் மாட்டில் செய்திருக்கிறார்கள். காங்கேயம் பக்கத்துக் கொறங்காட்டைப் பாருங்கள். முள்ளுக்கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், இடையிடையே வெள்வேல மரம். ஒரு காட்டில் மேயும்போது இன்னொரு காடு ஓய்வெடுக்கும். புல் காய்கிற காலத்தில் வெள்வேலங்காய் உதிர்ந்து வயிற்றை நிரப்பும். கத்தியவார்க்காரன் புல்வெளியை அடைத்துப் போடுகிற புத்திதான் இதுவும். பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பம் தலைமுறை தலைமுறையாகப் பொலிகாளை தேர்ந்து வைத்தது. சின்ன விவசாயியும் தன் கொறங்காட்டில் அதே முறையில் கன்று வளர்த்தான். பிறக்கும்போது செவப்பாயிருந்து ஆறு மாதத்தில் நிறம் மாறுகிற அந்தக் கன்றுதான் பெயர்பெற்ற காங்கேயம் காளை. அதே குறைந்த மழை, அதே காய்ந்த பூமி. குதிரைக்கு மட்டும் ஆகாது என்றால் எப்படி?

இவ்வளவு பழங்கதை எதற்கு என்றால், குதிரை மறுபடியும் நம் பக்கம் வந்துகொண்டிருக்கிறது. ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் பண்டிகைக்குப் போனவர்களுக்குத் தெரியும். மாட்டுச் சந்தையோடு குதிரைச் சந்தையும் கூடும். மார்வாரி, கத்தியவாரி எல்லாம் வரும். நம் பிள்ளைகள் ஆசைப்பட்டு வாங்கி வருகிறார்கள். ஆசை தப்பில்லை. ஆனால் பாண்டியன் மாதிரி வாங்கிவிடக் கூடாதே!

வாங்குமுன் பாருங்கள். ஏழெட்டு கிலோ காய்ந்த தீவனம் தினமும் வருஷம் முழுக்க உங்களிடம் உண்டா? சோளத்தட்டு, கொழுக்கட்டைப் புல், நிலக்கடலைக் கொடி எது இருந்தாலும் சரி, பூஞ்சை பிடித்தது கூடாது. கொள்ளு கொடுக்கலாம், ஊறவைத்தோ வேகவைத்தோ. ஆனால் கொள்ளு துணைக்குத்தான், புல்தான் சாப்பாடு. நாமக்கல், ஆத்தூர்ப் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருக்கிறவர்கள் ஒன்றை நெஞ்சில் எழுதிக்கொள்ளுங்கள். கோழித் தீவனம் ஒரு பிடிகூடக் குதிரை வாய்க்குப் போகக் கூடாது. ரத்தக் கழிச்சலைத் தடுக்கக் கோழித் தீவனத்தில் சேர்க்கிற மொனென்சின் என்ற மருந்து கோழியை ஒன்றும் செய்யாது. குதிரையின் இதயத்தை நிறுத்திவிடும். மூட்டையைத் தனி அறையில் பூட்டி வையுங்கள்.

பெட்டை வாங்கினால், எப்போது சேர்த்தது என்று கேட்டுத் தேதியை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், பதினோரு மாதத்தை எண்ணிக்கொள்ளலாம். சின்ன ஆணிக்காயம்கூடக் குதிரைக்கு ரணஜன்னியில் கொண்டுபோய் விடும், அதற்குத் தடுப்பூசி உண்டு. கிளாண்டர்ஸ் என்ற நோய்க்கு ரத்தப் பரிசோதனை செய்த சான்று இல்லாத குதிரையை, விலை எவ்வளவு மலிவானாலும் வீட்டுக்கு ஓட்டி வராதீர்கள். அது மனுஷனுக்கும் தொற்றும். நோய் உறுதியானால் சட்டப்படி குதிரையைக் கொன்று புதைக்க வேண்டிவரும். உங்கள் ஊர்க் கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள்; பக்கத்திலேயே தலைவாசலில் கால்நடை மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. சந்தைக்குப் போவதற்கு முன்னால் போய்க் கேளுங்கள், வாங்கி வந்த பிறகு அல்ல.