இலைப்பாவாடை எந்த மலையில் இருக்கிறது?

நான் ராஸ் அல் கைமாவில் நர்ஸாக இருக்கிறேன். ஊருக்குப் பின்னால் ஹஜர் மலைத்தொடர். ஷிஹூஹ் பழங்குடியினரின் மலை அது. நீளமான காம்பில் சின்னக் கோடாரி பொருத்திய ‘ஜிர்ஸ்’ என்ற கைத்தடிதான் அவர்களுடைய அடையாளம்.

உடன் வேலை பார்க்கும் பெண்ணின் வீட்டுக் கல்யாணத்தில் அவர்களுடைய ‘நத்பா’வைக் கேட்டேன். ஆண்கள் நெருக்கமாக நிற்க, நடுவில் ஒருவர் கையை வாயருகே வைத்து அடிவயிற்றிலிருந்து குரல் எழுப்பினார். மற்றவர்கள் ஒரே மூச்சில் பதில் கொடுத்தார்கள். வாத்தியம் இல்லை. அது ஆட்டமா, அழைப்பா என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

ஓமானின் தெற்கே தோஃபார் மலைகளில் ‘பர்ஆ’ ஆடுகிறார்கள். பத்து முதல் முப்பது பேர் அரைவட்டமாக நின்று பாட, இருவர் குத்துவாளை உயர்த்தி ஆடுவார்கள். ஒவ்வொரு குலத்துக்கும் தனித் தாளம், தனி அடவு. யுனெஸ்கோ 2010இல் இதைத் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. எமிரேட்ஸும் ஓமானும் சேர்ந்து முன்வைத்த ‘அய்யாலா’ 2014இலும், ‘ரஸ்ஃபா’ 2015இலும் அதில் இடம்பெற்றன.

நம் நீலகிரிக்கு வருவோம். தோடர் ஆண்கள் பூ வேலைப்பாடு செய்த பூத்துக்குளியைப் போர்த்திக்கொண்டு, வட்டமாக அடிவைத்துச் சுற்றுவார்கள். அங்கும் குரல்தான் தாளம். ரிவர்ஸ் 1906லேயே தோடர்களைப் பற்றித் தனிப் புத்தகம் எழுதினார். எமனோ 1971இல் அவர்களுடைய பாடல்களைத் தொகுத்து வெளியிட்டார். இவ்வளவு பதிவுகள் இருந்தும் நீலகிரியின் எந்த ஆட்டமும் அந்தப் பட்டியலில் இல்லை.

பட்டியலைவிட எனக்கு வேறொன்றுதான் உறுத்துகிறது. இங்கே ஒரு பொங்கல் விழாவில் ‘ஆதிவாசி நடனம்’ என்று அறிவித்தார்கள். பிள்ளைகள் இலைப்பாவாடை கட்டி, முகத்தில் கரி பூசி, ஈட்டியோடு குதித்தார்கள். நானும் கைதட்டினேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் அந்தக் கல்யாண வீடு நினைவுக்கு வந்தது. அங்கே யாரும் வேஷம் கட்டவில்லை. தாத்தா குரல் கொடுத்தார், பேரன் பதில் சொன்னான். எங்கள் மேடையில் ஆடியது எந்த மலையின் ஆட்டம்? தோடரா, கோத்தரா, இருளரா? ஒருவரும் கேட்கவில்லை. ஏனென்றால், அது எவருடைய ஆட்டமும் இல்லை.

இந்த நேரலையைப் பார்ப்பவர்களில் விழாக் குழுவினர் பலர் இருப்பீர்கள். அடுத்த பொங்கலுக்கு மலை மக்கள் ஆட்டம் வைப்பதானால், அந்த மக்களின் பெயரைச் சொல்லி வையுங்கள். அவர்களிடமே கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். முடியாதென்றால் கும்மியே போதும். அது நம்முடையது, நமக்குத் தெரிந்தது.