வேட்டை ரைஃபிளும் தூரக் கணிப்பும்: காலனிய இந்தியாவில் காயப்பட்ட விலங்கின் பதிவுறா வரலாறு (1850–1914)

ஆய்வுச்சுருக்கம்

காலனிய இந்தியாவின் வேட்டை வரலாறு பெரும்பாலும் கொல்லப்பட்ட விலங்குகளின் எண்ணிக்கையைக் கொண்டே எழுதப்பட்டுள்ளது. குண்டடிபட்டுத் தப்பிச்சென்ற விலங்குகள் அக்கணக்கில் இடம்பெறுவதில்லை. பெருவிலங்கு வேட்டைக்கான ரைஃபிளைத் தூரத்திற்கேற்பச் சரிசெய்யும் முறை 1850க்கும் 1914க்கும் இடையில் எவ்வாறு மாறியது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. தூரத்தைக் கணிப்பதில் நேரும் பிழையே அக்காலக் கருவியாளர்களின் மையச் சிக்கலாக இருந்தது என்பதையும், அப்பிழையின் விளைவை வேட்டைப் பட்டியல்களும் சட்டங்களும் கணக்கில் கொள்ளவில்லை என்பதையும் இது எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: வேட்டை ரைஃபிள், குண்டுப்பாதை, கார்டைட், வரையாடு, நீலகிரி, ஜிம் கார்பெட்.

முன்னுரை

ஜான் மெக்கென்சி, மகேஷ் ரங்கராஜன், விஜய ராமதாஸ் மண்டாலா முதலிய ஆய்வாளர்கள் வேட்டையை ஆட்சியதிகாரத்தோடும் காட்டுயிர்களின் அழிவோடும் இணைத்து ஆராய்ந்துள்ளனர். இவ்வாய்வுகளுக்கு வேட்டையாளர்களின் நினைவுக்குறிப்பு நூல்கள் முதன்மைச் சான்றுகளுள் ஒன்றாக அமைகின்றன. அந்நூல்கள் வீழ்த்திய விலங்கின் கொம்பளவையும் உடல் நீளத்தையும் நுணுக்கமாகத் தருகின்றன; தப்பிய விலங்கைப் பற்றி ஓரிரு வரிகளோடு அமைந்துவிடுகின்றன. இம்மௌனத்தை ஈடுசெய்யக் கருவியின் வரலாறு ஓரளவு உதவும். ஒரு ரைஃபிள் எத்தூரத்திற்குச் சரிசெய்யப்பட்டிருந்தது என்பதை அறிந்தால், அது எங்கே பிழைத்திருக்கும் என்பதையும் உய்த்துணரலாம்.

1. தூரக் கணிப்பு என்னும் சிக்கல்

குழலை விட்டு வெளியேறிய கணத்திலிருந்தே குண்டு புவியீர்ப்பால் கீழிறங்கத் தொடங்குகிறது. எனவே குழல் சற்று மேல்நோக்கி அமையுமாறு குறிகாட்டியைப் பொருத்தி, ஒரு குறிப்பிட்ட தூரத்தில் பார்வைக்கோடும் குண்டுப்பாதையும் சந்திக்கும்படி செய்கின்றனர். அத்தூரத்திற்கு அப்பால் குண்டு தாழ்ந்து செல்லும்.

இதன் அளவை ஓர் எளிய கணக்கால் காட்டலாம். கருமருந்து ரைஃபிள்களுக்குப் பொதுவான வினாடிக்கு 400 மீட்டர் வேகத்தில் செல்லும் குண்டு ஒன்றைக் கொள்வோம். குறிகாட்டி 150 மீட்டருக்குச் சரிசெய்யப்பட்டுள்ளது. விலங்கோ 200 மீட்டரில் நிற்கிறது. காற்றின் தடையை நீக்கிக் கணக்கிட்டாலும் குண்டு குறியிலிருந்து சுமார் 31 செ.மீ. தாழ்ந்து தைக்கும். நெஞ்சுக்கு வைத்த குறி காலை முறித்துவிடும். வேகம் 800 மீட்டராக உயர்ந்தால் அதே கணிப்புப் பிழை சுமார் 8 செ.மீ. அளவிற்குக் குறைகிறது. காற்றின் தடையைச் சேர்த்தால் இரு நிலைகளிலும் தாழ்வு மேலும் கூடும். வேகத்தின் உயர்வு வேட்டையாளரின் கண்ணைத் திருத்தவில்லை. கண்ணின் பிழைக்கான தண்டனையைக் குறைத்தது.

2. கருமருந்துக் காலம்

சாமுவேல் பேக்கர் இலங்கையில் யானை வேட்டைக்குப் பயன்படுத்திய ரைஃபிள், பிரிஸ்டலைச் சேர்ந்த கிப்ஸ் என்னும் துப்பாக்கி வினைஞர் 1840இல் செய்தது. அதன் எடை 21 பவுண்டு. மருந்தின் அளவு 16 டிராம். யானையை மிக அண்மையிலிருந்து சுடுவதே அக்கால வழக்கம். ஆகவே தூரக் கணிப்பைவிடத் தாக்கும் வலிமையே அங்குப் பெரிதாக எண்ணப்பட்டது.

மானும் மலையாடும் அவ்வளவு நெருங்கவிடுவதில்லை. அக்காலப் படைத்துறை ரைஃபிள்கள் பல நூறு கஜம் சுட வல்லவை எனினும், அவற்றின் குண்டுப்பாதை மிக வளைந்தது. அணிவகுத்து நிற்கும் படையைச் சுடும் வீரனுக்குத் தூரத்தைக் கூற அதிகாரி ஒருவர் இருந்தார். காட்டில் அத்தகைய துணை இல்லை. இவ்வேறுபாட்டைக் கருத்தில் கொண்டு நடு இந்தியாவில் பணியாற்றிய ஜேம்ஸ் ஃபோர்சைத் 1860களில் வேட்டை ரைஃபிள் பற்றித் தனிநூல் எழுதினார். பெரிய துளை, மெதுவான முறுக்குடைய மரை, உருண்டைக் குண்டு, மிகுதியான மருந்து ஆகியவற்றைச் சேர்த்து, வேட்டைக்குரிய தூரம் வரை குண்டுப்பாதையைத் தட்டையாக்க வேண்டும் என்பது அவர் வாதம். இதே நோக்கில் லண்டனைச் சேர்ந்த ஜேம்ஸ் பர்டி 1856இல் செய்த ரைஃபிளுக்கு விரைவு இரயிலின் பெயரை இட்டார். ‘எக்ஸ்பிரஸ்’ என்னும் வகைப்பெயர் அதிலிருந்தே நிலைபெற்றது. எடை குறைந்த குண்டை மிகுந்த மருந்தால் செலுத்துவது அவ்வகையின் அடிப்படையாகும்.

3. கார்டைட்டும் இரட்டைக்குழலும்

1884இல் பிரான்சில் போல் வியேல் புகையற்ற வெடிமருந்தை உருவாக்கினார். பிரித்தானியாவில் 1889இல் கார்டைட் வந்தது. இதன் பயனை வேட்டைக்குக் கொணர்ந்தது ரிக்பி நிறுவனம் 1898இல் வெளியிட்ட .450 நைட்ரோ எக்ஸ்பிரஸ். இதில் 480 கிரெயின் எடையுள்ள குண்டு வினாடிக்கு 2,150 அடி வேகம் பெற்றது.

ஆயினும் இரட்டைக்குழல் ரைஃபிளில் வேறொரு வரம்பு இருந்தது. இரு குழல்களின் குண்டுகளும் ஒரே இடத்தில் தைக்குமாறு, குழல்களுக்கிடையே ஆப்பு வைத்தும் சுட்டுப்பார்த்தும் வினைஞர் அவற்றைப் பற்றவைப்பர். குறிப்பிட்ட தோட்டா ஒன்றுக்கே இவ்விணக்கம் பொருந்தும். கார்டைட்டோ வெப்பத்தில் அழுத்தம் மிகுவது. இங்கிலாந்தின் குளிரில் இணக்கிய குழல்கள் இந்தியக் கோடையில் அதே இடத்தில் சுடும் என்பதற்கு உறுதியில்லை. இதனால் வெப்பநாடுகளுக்கென மருந்து குறைத்த தோட்டாக்கள் விற்கப்பட்டன. குறிகாட்டியில் 300 கஜத்திற்கான மடிப்புத் தகடு பொறிக்கப்பட்டிருந்தாலும், அத்தூரத்தில் கருவி அவ்வாறே செயற்படும் என்று அதனால் மட்டும் முடிவுசெய்ய இயலாது.

.450 அளவுள்ள தோட்டாக்களுக்கு இந்தியாவில் 1907ஆம் ஆண்டளவில் தடை வந்தது. அவை கிளர்ச்சியாளர் கையிலிருந்த பழைய படைத்துறைத் துப்பாக்கிகளுக்குப் பயன்படக்கூடும் என்னும் அச்சமே அதற்குக் காரணம். அரசு கண்காணித்தது தோட்டா எவர் கையை அடையும் என்பதை. அது விலங்கை எந்நிலையில் விட்டுச்செல்லும் என்பதை அன்று.

4. சட்டமும் வழக்கமும்

நீலகிரியில் 1877இல் வேட்டையாளர் சங்கம் அமைந்தது. 1879இல் நீலகிரி வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. உரிமம், வேட்டை தடைசெய்யப்படும் பருவம் ஆகியவற்றின் வழியே அது வேட்டையைக் கட்டுப்படுத்தியது. ஆங்கிலேயர் ‘ஐபெக்ஸ்’ என்று பிழையாகப் பெயரிட்டழைத்த வரையாடும் அதன் பாதுகாப்பில் அடங்கும்.

தூரக் கணிப்பு மிகக் கடினமாவது வரையாட்டின் வாழிடத்தில்தான். பள்ளத்தாக்கிற்கு அப்பால் நிற்கும் விலங்கு, இடையே அளவிட மரமோ புதரோ இல்லாததால் உள்ளதைவிட அண்மையில் இருப்பதாகத் தோன்றலாம். சரிவின் கோணமும் கணக்கை மாற்றும். 45 பாகைச் சரிவில் 200 மீட்டர் கீழே நிற்கும் விலங்கின் கிடைத்தூரம் ஏறத்தாழ 141 மீட்டரே. முழுத் தூரத்திற்கும் குறிகாட்டியை உயர்த்தியவரின் குண்டு மேலே சென்றுவிடும். அடிபட்ட ஆடு பாறை விளிம்பிலிருந்து வீழ்ந்தால் அதை மீட்பதும் அரிது. பருவத்தையும் உரிமத்தையும் மட்டும் நோக்கும் சட்டத்தில் இவ்வாடு எங்கும் தோன்றாது.

புலி வேட்டையின் வழக்கம் இதை மேலும் சிக்கலாக்கியது. முதற்குண்டைப் பாய்ச்சியவருக்கே தோல் உரியது என்னும் நெறி பல வேட்டைக் குழுக்களில் நிலவியது. இங்குக் காயமே உரிமைப் பத்திரமாகிறது. பொறுத்திருந்து அண்மையில் சுடுபவரைவிட, தொலைவிலிருந்து முந்திச் சுடுபவருக்கு அது சாதகமானது. காயப்பட்ட விலங்கைத் தேடிப் புதருக்குள் செல்லும் இடர் பெரும்பாலும் ஊர்மக்களையும் தடம் பார்ப்பவர்களையும் சார்ந்தது.

5. காயம் விட்டுச்சென்ற சான்று

காயப்பட்ட விலங்கு வேட்டைப் பட்டியலில் இல்லையெனினும் வேறோர் ஆவணத்தில் தோன்றுகிறது. 1907இல் ஜிம் கார்பெட் சுட்ட சம்பாவத் பெண்புலி, நேபாளத்திலும் குமாவோனிலும் நானூறுக்கும் மேற்பட்டோரைக் கொன்றதாக அவர் எழுதுகிறார். அதன் வலப்புறக் கோரைப்பற்கள் பழைய துப்பாக்கிக் காயத்தால் உடைந்திருந்தன. இயல்பான இரையை வேட்டையாட இயலாமற்போனதற்கு அதுவே காரணம் என்பது அவர் கருத்து. 1944இல் வெளிவந்த தம் நூலின் முன்னுரையிலும், புலி ஆட்கொல்லியாவதற்குக் கவனமின்றிச் சுட்டு, பின்தொடராமல் விடப்பட்ட காயத்தை ஒரு காரணமாக அவர் கூறுகிறார். எல்லா ஆட்கொல்லிகளுக்கும் இது பொருந்தாது. முள்ளம்பன்றியின் முள்ளையும் முதுமையையும் கார்பெட்டே குறிப்பிடுகிறார். எனினும் ஒரு பிழைத்த குண்டின் விலையைச் சுட்டவரன்றி மலைக்கிராமத்தவர் செலுத்தியதற்கு இது தெளிவான சான்று.

முடிவுரை

பேக்கர் முதல் ரிக்பி வரையிலான கருவி மாற்றங்கள் தூரக் கணிப்பின் பிழையைக் குறைக்க முயன்றன. ஆனால் பிழை பொறுக்கும் எல்லை விரிந்தபோது சுடத்துணியும் தூரமும் விரிய இடமுண்டாயிற்று. சட்டமும் வழக்கமும் வீழ்ந்த விலங்கையே நோக்கியதால் இவ்விரிவைத் தடுக்கும் அளவுகோல் உருவாகவில்லை. ஆகவே வேட்டை நூல்களின் எண்ணிக்கைகளை விலங்கிழப்பின் கணக்காக அல்லாமல், அதன் கீழெல்லையாகவே கொள்ளுதல் வேண்டும். மனித உயிரிழப்பு பற்றிய மாவட்டப் பதிவுகளையும் கருவி வினைஞர்களின் விற்பனைக் குறிப்புகளையும் அவற்றோடு ஒப்புநோக்கும் ஆய்வுகள், பட்டியலுக்கு வெளியே நின்றுபோன விலங்கையும் மனிதரையும் வரலாற்றுக்குள் கொணர உதவும்.