காட்சிப்பொருளின் முன் குழந்தை கற்பதை மதிப்பிடல்: வேலூர், ஆம்பூர் தோல் தொழில் வட்டாரத்தை முன்வைத்து

கையால் இயக்கிப் பார்க்கும் அறிவியல் காட்சிப்பொருள்களிலிருந்து குழந்தைகள் கற்றதை வினாத்தாள் கொண்டு அளப்பது எளிது. ஆயினும் விளக்கப் பலகையில் இருந்த சொற்கள் குழந்தையின் நினைவில் நின்றனவா என்பதற்கு மேல் அத்தாள் அதிகம் சொல்வதில்லை. வேலூர் சத்துவாச்சாரியிலுள்ள மாவட்ட அறிவியல் மையத்தின் பயனையோ, 2022 நவம்பரில் தமிழக அரசு தொடங்கிய வானவில் மன்றத்தின் வழியே ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான அரசுப் பள்ளி மாணவர்களுக்குச் செய்து காட்டப்படும் சோதனைகளின் பயனையோ மதிப்பிட முனைவோர், குழந்தையின் செயலையும் பேச்சையும் அந்த இடத்திலேயே கவனித்துக் குறிக்க வேண்டும்.

கனடாவின் சட்பரி நகர அறிவியல் மையத்தை ஆராய்ந்த ஷான்டல் பாரியோ, பார்வையாளரின் நடத்தையை மூன்று படிகளாக வகுத்தார். கருவியை இயக்குவதும் பிறர் இயக்குவதைப் பார்ப்பதும் முதற்படி. அதையே திரும்பச் செய்து மகிழ்வது இரண்டாம் படி. தன் பழைய அனுபவத்தைக் கருவியோடு இணைத்துப் பேசுவதும், தகவலைத் தேடிப் பகிர்வதும், முழு ஈடுபாட்டோடு சோதித்துப் பார்ப்பதும் மூன்றாம் படி. இவற்றுள் பழைய அனுபவத்தை இணைத்தல் என்னும் கூறே வேலூர், ஆம்பூர் தோல் தொழில் வட்டாரத்துக்கு மிக முக்கியமானது.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை ஆகிய ஊர்களில் தோல் பதனிடும் வேலையை அறிந்த வீடுகள் பல. உப்பிட்ட தோல் அழுகாது, சுண்ணாம்பில் ஊறினால் மயிர் கழலும், குரோம் ஏறிய ஈரத்தோல் நீலமாகும் என்பவை அவ்வீட்டுப் பிள்ளைகள் பாடநூலுக்கு முன்பே கேட்டறியக்கூடியவை. சவ்வூடு பரவலை, அதாவது மெல்லிய சவ்வைக் கடந்து நீர் உப்புச் செறிவு மிகுந்த பக்கம் நகர்வதை, காட்டும் கருவியின் முன் நிற்கும் சிறுமி தோல் மண்டியின் உப்பை நினைவுகூர்ந்தால், அது உயர்ந்த கற்றல் அடையாளம். எனினும் பழக்கம் வேறு, புரிதல் வேறு. உப்பு, தோலிலுள்ள நீரை இழுத்துக்கொள்வதால் பாக்டீரியா பெருக இயலாமற் போகிறது என்னும் காரணத்தை அவள் எட்டினாளா என்பதும் தனியே குறிக்கப்பட வேண்டும்.

இங்கே மதிப்பீட்டாளர் எளிதில் தவறிவிடக்கூடிய இடம் ஒன்றுண்டு. தோல் வேலையோடு சாதி இழிவும் சேர்த்துச் சுமத்தப்பட்டிருப்பதால், பெற்றோரின் தொழிலைப் பலர் முன்னிலையில் சொல்லக் குழந்தை கூசலாம். அதன் மௌனத்தை முன்னறிவின்மை எனப் பதிவுசெய்வது அறிவியல் பிழை மட்டுமன்று, அநீதியும் ஆகும். பெரியவர் கேட்கும் கேள்விக்கு வாய் திறவாத பிள்ளை தோழியிடம் மெல்லச் சொல்லக்கூடும்; ஆம்பூர்ப் பிள்ளைகளில் பலர் அதை உருதுவில் சொல்வர். ஆகவே பதிவுசெய்பவர் அம்மொழியை அறிந்தவராகவும், கேள்வி கேட்பதைக் குறைத்துக் கூர்ந்து கேட்பவராகவும் இருத்தல் வேண்டும். பேருந்திலிருந்து இறங்கும் வகுப்பை வரிசையாக நடத்திச் சென்றால் இத்தகைய பேச்சு எழ வாய்ப்பே இராது. ஒரு கருவியருகே சிலரை மட்டும் விட்டு, அவர்கள் சலிக்கும்வரை காத்திருப்பதை மதிப்பீட்டின் முதல் நிபந்தனையாக மையங்களும் பள்ளிகளும் ஏற்க வேண்டும்.