தொலைபேசி மானியம் இணையத்தைத் தேடிய கதை

அமெரிக்காவில் ஏடி அண்ட் டி நிறுவனம், நெடுந்தூர அழைப்பில் ஈட்டிய பணத்தைக் கொண்டு உள்ளூர்க் கட்டணத்தைத் தாங்கிப் பிடித்தது. 1984இல் அது உடைக்கப்பட்டதும், ஏழை வீடுகளில் தொலைபேசி அறுந்துவிடுமோ என்ற அச்சம் எழுந்தது. மறு ஆண்டே 'லைஃப்லைன்' மானியம் பிறந்தது.

இணையத்திற்கு அது நீட்டிக்கப்பட்டதோ 2016இல்தான்! தொகை? தொலைபேசிக்குத் தந்த அதே மாதம் 9.25 டாலர். இணையக் கட்டணத்திற்கு அது எந்த மூலைக்கு?

பெருந்தொற்றில் வகுப்பறையே கணினித் திரைக்குள் போனபோது குறை வெட்டவெளிச்சமானது. 2021 இறுதியில் 30 டாலர் வரை தரும் தனித் திட்டம் வந்தது. சுமார் 2 கோடியே 30 லட்சம் குடும்பங்கள் பயன்பெற்றன. நாடாளுமன்றம் மேலும் நிதி ஒதுக்காததால் 2024 ஜூனில் அதுவும் நின்றது.

எஞ்சியது பழைய லைஃப்லைன்தான். அதற்கான நிதி இணைய வருமானத்திலிருந்து அல்ல, சுருங்கிவரும் தொலைபேசி வருமானத்திலிருந்தே வசூலிக்கப்படுகிறது.